பன்னிரண்டு அடித் தட்டையடிப் படகை வீட்டிலேயே கட்டும் முறை

மே மாத இறுதியில் மழை பிடித்துவிட்டால், பர்மாவின் பெகு வட்டாரத்திலும் ஐராவதிக் கழிமுகத்திலும் வயலும் ஓடையும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடுகின்றன. அரையடித் தண்ணீரிலும் தரை தட்டாமல் செல்லக்கூடிய தட்டையடிப் படகு ஒன்று வீட்டில் இருந்தால், தூண்டிலிடவும் வலை வைக்கவும் பிறர் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தச்சுத்தொழில் முழுமையாகத் தெரியாதவரும், ரம்பமும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்தால், இதைக் கட்டிவிடலாம்.

நீளம் 12 அடி, அடித்தள அகலம் நடுவில் 3 அடி, மேல்விளிம்பில் 4 அடி, பக்க உயரம் 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவில் படகு ஒவ்வோர் அங்குலம் அமிழும்போதும் ஏறத்தாழ 60 கிலோ சுமையைத் தாங்கும். வெறும் படகு 60 கிலோவும், இருவர் 130 கிலோவும், வலையும் சாமானும் 40 கிலோவும் என்று கணக்கிட்டால், நான்கு அங்குலத்துக்குள் படகு நின்றுவிடும். மீதமுள்ள ஓரடி உயரமே நமக்குக் காவல். அந்த ஓரடியை மூன்றாம் ஆளுக்காக ஒருபோதும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

எட்டடிக்கு நான்கடிப் பிளைவுட் மூன்று போதும். பக்கங்களுக்கு 6 மி.மீ. கனத்தில் ஒன்று, அடித்தளத்துக்கு 9 மி.மீ. கனத்தில் இரண்டு. வாங்குமுன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது. முன்பலகைக்கும் பின்பலகைக்கும் ஓரங்குலத் தேக்கு சிறந்தது. ஆணிகள் பித்தளையோ செம்போ ஆக இருக்கட்டும். என் முதல் படகில் சிக்கனம் பார்த்து இரும்பாணி அடித்தேன். இரண்டாம் மழைக்குள் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மரம் கறுத்து மக்கி, ஆணி விரலாலேயே கழன்று வந்தது.

பக்கப் பலகையை நீளவாட்டில் மூன்று பட்டைகளாக அறுத்து, மூன்றாவதை இரண்டாக வெட்டினால், எட்டடியும் நான்கடியும் சேர்ந்த இரு பக்கங்கள் கிடைக்கும். இணைப்பின் உட்புறத்தில் ஒன்பதங்குல அகலப் பலகைத் துண்டை வைத்து ஒட்டித் திருகுங்கள். நான்கடித் துண்டு அமரத்தின் (படகின் பின்முனை) பக்கமாக வரட்டும், ஏனெனில் அங்கே வளைவு குறைவு. அணியத்தில் (படகின் முன்முனை) கடைசி மூன்றடிக்குள் கீழ்விளிம்பு ஏழங்குலம் உயருமாறு, பிளந்த மூங்கில் பத்தையை வளைத்துக் கோடு கிழித்து அறுங்கள். இரு பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அறுத்தால்தான் படகு ஒருபுறம் இழுக்காமல் நேராகச் செல்லும்.

பிறகு மேலே 4 அடியும் கீழே 3 அடியும் உள்ள சட்டத்தை நடுவில் நிறுத்தி, இரு பக்கங்களையும் அதன்மேல் பொருத்தி, முனைகளைக் கயிற்றால் மெல்ல முறுக்கி இழுத்துக் கொணர வேண்டும். அடியில் 18 அங்குல அகல முன்பலகையும் 30 அங்குலப் பின்பலகையும் அமைந்ததும், மூலைக்கு மூலை குறுக்காகக் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை எதையும் நிலையாக ஒட்டவேண்டாம்.

அடுத்து வருவதே இந்த வேலையின் உயிர்நாடி. பக்கங்களின் உட்புறக் கீழ்விளிம்பில் ஓரங்குலச் சட்டத்தை ஒட்டித் திருகியபின், படகைக் கவிழ்த்து வைத்து, அந்தச் சட்டமும் பலகையின் விளிம்பும் ஒரே தளத்தில் படியும்வரை சாய்வாக இழைக்க வேண்டும். பக்கங்கள் வெளிச்சாய்ந்து நிற்பதால் இந்தச் சாய்வு அணியத்திலிருந்து அமரம்வரை மாறிக்கொண்டே போகும். நேரான ஒரு கட்டையை இரு பக்கங்களுக்கும் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொறுமையாக இழையுங்கள். இங்கே ஒரு நாள் கூடுதலாகச் செலவானாலும், தண்ணீர் இறைக்கும் பல நாட்களை அது மிச்சப்படுத்தும்.

அடித்தளத்தின் இணைப்பு பக்கங்களின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. எட்டடித் துண்டை அமரத்திலிருந்து தொடங்கினால் அது தானாகவே விலகிவிடும். பசை தாராளமாகப் பூசி, இரண்டங்குலத்துக்கு ஒன்றாகத் திருகாணி முடுக்குங்கள். பலகைப் படகுகளுக்கு இந்நாட்டில் தேனீ சேர்க்கும் குங்கிலியத்தை மண்ணெண்ணெயூற்றின் கச்சா எண்ணெயோடு காய்ச்சிக் கலப்பத்து பார்ப்பது, அதாவது பலகை இடுக்குகளை அடைப்பது, பழைய வழக்கம். பிளைவுட்டுக்கோ கண்ணாடியிழை நாடாவை எப்பாக்சிப் பிசினில் நனைத்து மூட்டு முழுவதும் ஒட்டுவதே நம்பகமானது என்பது என் தீர்மானம். அறுத்த ஓரங்களுக்கு மூன்று முறை பூச வேண்டும், நீர் முதலில் புகுவது அங்கேதான்.

நடுச்சட்டத்தின்மேல் இருக்கையும், வெளிவிளிம்பில் சட்டமும், அணியத்தில் காற்றடைத்த பெட்டியும் அமைத்தால், படகு நிறைந்தாலும் மூழ்காது. நீண்ட தண்டுடைய டீசல் எஞ்சினை இதில் மாட்டக்கூடாது. ஊன்றுகோலுக்கும் துடுப்புக்கும் மட்டுமே இந்தப் பின்பலகை தாங்கும்.

இதை ஓடையிலும் குளத்திலும் வயல்நீரிலும் மட்டும் செலுத்துங்கள். சித்தாங் ஆற்றின் முகத்துவாரத்தில் கடலேற்றம் சுவர்போல் எழுந்து வரும். தட்டையடிப் படகு அதன் முன் நிற்காது. மொயுங்ஜி நீர்நிலை பறவைக் காப்பிடம், ஆகவே வாத்து வேட்டை எண்ணத்தோடு அங்கே போகக்கூடாது. முதல் முறை நீரில் இறக்கியதும், ஆள் ஏறாமல் ஓர் இரவு கட்டிவைத்து, காலையில் உள்ளே ஈரம் தெரியும் இடத்தைக் கரிக்கட்டியால் குறித்து, கரையேற்றி நன்கு உலர்த்தி, அந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசுங்கள்.