பின்னங்கால் வராத நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

வண்டியில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த தெருநாயையோ, வயதாகிவிட்டதென்று யாரோ இறக்கிவிட்டுப் போன லாப்ரடாரையோ தூக்கிவந்து வளர்ப்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்தையே அவர்களும் அச்சுப்பிசகாமல் அடிக்கிறார்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்தெல்லாம் எல்லோரும் சொல்வார்கள்; அதை விட்டுவிடுகிறேன்.

சொட்டுவதைப் பார்த்து ஏமாறுவது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதுகுத்தண்டில் அடிபட்ட நாய்க்குக் காலோடு, சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் உள்ள கட்டுப்பாடும் பல நேரம் போய்விடும். சிறுநீர்ப்பை நிரம்பித் தாங்காதபோது சொட்டுச் சொட்டாக ஒழுகும். "அதுவே போயிடுதுங்க" என்று டயப்பரைக் கட்டிவிடுகிறார்கள். தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டுத் தொட்டி காலி என்கிற கதைதான்.

நாய் சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்று ஒரு அம்மா கூப்பிட்டார். வீடு அவ்வளவு சுத்தம். மெத்தை புதிது, டயப்பர் புதிது. அடிவயிற்றில் கை வைத்தால் கல்லாக இறுகிக் கிடந்தது. டாக்டர் குழாய் விட்டு எடுத்தபோது ரத்தம் கலந்து, கலங்கலாக வந்தது. எக்ஸ்ரே எடுத்து ஊசி போட்டு அனுப்பியவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நாய் பிழைத்தது. சிறுநீரகம் தேறவில்லை, மருந்து, தனிச் சாப்பாடு என்று அவருக்கு இன்னும் செலவு.

ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம்தான் கையால் அழுத்தி எடுக்க வேண்டும். பின்னங்காலுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்தால் பை உருண்டையாகத் தட்டுப்படும். வால் பக்கமாக, நிதானமாக, ஒரே சீராக அழுத்துங்கள். வெடுக்கென்று அமுக்கினால் பை கிழிந்துவிடலாம். வீடியோ பார்த்து இதைப் பழகாதீர்கள். டாக்டர் முன்னாலேயே செய்து பாருங்கள். சில நாய்களுக்கு எவ்வளவு அழுத்தினாலும் வராது. அதற்குச் சிறுநீர் வழியைத் தளர்த்தும் மாத்திரை உண்டு, கேளுங்கள்.

நம் வலி மாத்திரை

கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நாள் முழுக்கச் சக்கர வண்டி

பின்னங்காலுக்குப் பதிலாக உடலைத் தாங்கும் இந்த வண்டியில் மாட்டியபடி நாயால் படுக்க முடியாது. முதலில் பத்துப் பதினைந்து நிமிடம், அப்புறம் மெல்லக் கூட்டலாம். கழற்றியதும் பெல்ட் உராய்ந்த இடத்தைப் பாருங்கள். தோல் கொஞ்சம் வழன்றிருந்தாலும் ஈ மொய்க்கும். ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான்"

எழுந்திருக்கத் திணறுவது, படியேறத் தயங்குவது, தொட்டால் உறுமுவது எல்லாம் பெரும்பாலும் மூட்டுவலி. நாய்க்கென்றே மருந்து இருக்கிறது. சோற்றை வாயில் வைத்துக் கீழே போட்டால் பல்லைப் பாருங்கள். வீட்டில் டைல்ஸ் என்றால் அது நடமாடும் வழியெல்லாம் ரப்பர் பாய் விரித்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள். பல நாய்கள் வழுக்குமென்று பயந்துதான் எழுந்திருப்பதில்லை.