சுபாரு எஸ்டிஐ: ஈஜே257 என்ஜின் உடையாமல் ஓட்டுவது எப்படி

டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ செடானில் உள்ள 2.5 லிட்டர் ஈஜே257 டர்போ என்ஜின் பாதியில் போனால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். ஆயில் குறைந்து, பிஸ்டனின் ராடு கிராங்க்ஷாஃப்டில் சுழலும் இடத்தில் இருக்கும் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கும். இல்லையென்றால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) தாங்காமல் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய விளிம்பு உடைந்திருக்கும். இந்த விளிம்பை ரிங் லேண்ட் என்பார்கள். அதிகம் அடிபடுவது நான்காவது சிலிண்டர். இரண்டு கோளாறையும் தடுப்பது பெருமளவு ஓட்டுபவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஆயில். இந்த வண்டி ஆயில் குடிக்கும். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அளவு பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்ப்பதே சரியான முறை. பாக்ஸர் என்ஜினில் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் மேலே போன ஆயில் கீழே வடிய நேரமாகும். ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் டிப்ஸ்டிக் குழாயில் ஒட்டிய ஆயிலும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் காட்டினால், கீழே காட்டுவதே கணக்கு.

கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர். 250 மில்லியாக ஊற்றி, பொறுத்துப் பார்த்து, மேல்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதைத் தாண்ட வேண்டாம். மிஞ்சிய ஆயில், என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிசிவி குழாய் வழியாக இன்டேக்குக்குப் போய்ப் பெட்ரோலோடு எரியும், அது நாக்கிங்கைத் தூண்டும். குறைவாக விட்டாலோ இன்னும் மோசம். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆயிலை உறிஞ்சி பம்புக்கு அனுப்பும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு நொடி போதும் பேரிங்குக்கு. சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும்.

ஆயில் மாற்றுவதற்கு 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் போதும். சற்று அழுத்தி ஓட்டுபவர்கள் 5,000 முதல் 6,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது நல்லது. டிரெயின் போல்ட்டுக்கு 17 மி.மீ. ஸ்பேனர், ஒவ்வொரு முறையும் புது வாஷர், முறுக்கு சுமார் 42 நியூட்டன் மீட்டர். முதலில் 4 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வடிந்த பிறகு மீதியைச் சேருங்கள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தை மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத, செம்பு அல்லது வெள்ளி நிறத்தில் மினுங்கும் செதில்கள் தெரிந்தால் பேரிங் கரைகிறது என்று அர்த்தம். வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பல வருட மாடல்களில் டர்போவுக்கு ஆயில் போகும் பாதையின் பான்ஜோ போல்ட்டுக்குள் (நடுவில் துளையுள்ள, ஆயில் கடந்து போகும் போல்ட்) சிறு வலை ஒன்று இருக்கும். அது அடைத்தால் டர்போ காய்ந்து போகும். பழைய வண்டி வாங்கினால் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

இனி ஓட்டும் விதம். 6-ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போகும்போது மேடு வருகிறது, கியரை இறக்கச் சோம்பல்பட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். டர்போ அழுத்தம் ஏறும், பிஸ்டனோ மெதுவாகவே நகரும். எரியாமல் மீந்த கலவை அதிக நேரம் அழுத்தத்திலும் சூட்டிலும் மாட்டி, தானாக வெடிக்கும். ரிங் லேண்ட் உடைவது இப்படித்தான். சிவப்புக் கோடு வரை சுழற்றுவதைவிட இந்தத் திணறல்தான் என்ஜினுக்கு ஆபத்து. 4-ஆம் கியருக்கு இறங்கி, 3,000-க்கு மேல் வந்த பிறகு மிதியுங்கள். இதன் முழு இழுவை 4,000 ஆர்பிஎம் பக்கத்தில்தான் இருக்கிறது. டேஷ்போர்டின் வெப்ப முள் காட்டுவது கூலன்ட் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். ஆகவே முதல் 10 நிமிடம் 3,000-க்குள், மிதமாக. வேகமாக ஓட்டி வந்தால் கடைசி 2 கி.மீ. நிதானமாக வந்து நிறுத்துங்கள். நின்ற இடத்தில் நெடுநேரம் ஐடிலில் விடத் தேவையில்லை.

பெட்ரோல் குறைந்தது 95 ஆர்ஓஎன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்), கிடைத்தால் 98. டியூன் செய்யாமல் வேறு ஏர் இன்டேக் மாட்டவே மாட்டாதீர்கள். ஏர்ஃப்ளோ சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறினால் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்றைத் தப்பாக அளக்கும், கலவையில் பெட்ரோல் குறையும், பிறகு நாக்கிங்தான்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஈசியுவில் இருக்கும் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவி கொண்டுபோங்கள். 2008-க்குப் பிந்திய மாடல்களில் டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையர் (ஈசியு இக்னிஷன் டைமிங்கை எவ்வளவு முன்னே வைக்கிறது என்று காட்டும் எண்) 1.0 இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஈசியு பலத்த நாக்கிங்கைப் பார்த்துப் பின்வாங்கியிருக்கிறது. 1.0 காட்டினாலும் ரெடினெஸ் மானிட்டர்கள் (ஈசியு தானே செய்யும் சோதனைகள்) முடியாமல் இருந்தால், சமீபத்தில் ஈசியுவையோ பேட்டரியையோ துண்டித்து நினைவை அழித்திருக்கலாம். இன்னொரு நாள் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளுவதும், நான்காவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று காட்டும் பி0304 மிஸ்ஃபயர் கோடும் நான்காவது பிஸ்டன் மேல் சந்தேகத்தைக் கிளப்பும். உறுதிசெய்ய, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: 10 சதவீதத்துக்குள் கசிவு நல்லது, 20-ஐத் தாண்டினால் என்ஜினைப் பிரிக்கும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

டைமிங் பெல்ட் 1,68,000 கி.மீ. வரை என்பார்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எனவே பெல்ட்டை மட்டும் மாற்றாமல் டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் டயர் விஷயத்தில் சமரசம் கூடாது. நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதாவது தேய்மானத்தில் சுமார் 1 மி.மீ. ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு இடையே சுழற்சியைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் உழைத்துச் சூடாகும். பழுதாகி நின்றால் பிளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும், இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்க விடாதீர்கள். பழைய வீல் செட் வாங்குவதென்றால் போல்ட் துளைகளின் எண்ணிக்கையையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் (மி.மீ.) பாருங்கள்: 2004 மாடல் 5×100, 2005-இலிருந்து 5×114.3. ஒன்று மற்றதில் உட்காராது.