தாளம் பிந்திய தாவல்

நான் செய்த போன் விளையாட்டில், மோகன ராகத்தின் ச ரி க ப த வரிசையில் படிகளை மிதித்தால் கோபுரக் கதவு திறக்கும். படிகள் ஆதி தாளத்துக்குத் தோன்றி மறையும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரியூசன் முடிந்து வந்த பெடியளிடம் போனைக் கொடுத்தேன். "அண்ணை, சரியாத்தான் பாயிறன், விழுத்துது" என்றான் ஒருவன். காதில் புளூடூத் இயர்போன்! அதில் சத்தம் 200 மில்லி செக்கன்கூடப் பிந்தலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கே 500தான். அதனால் தொடக்கத்திலேயே மிருதங்கச் சத்தத்துக்குத் திரையில் தட்டச் சொல்லி, பிந்தும் அளவைக் கணித்துக் கழித்தேன். படி மறையுமுன் அதன் விளிம்பு மினுங்கவும் வைத்தேன்.

அப்புறம் சுரப் புதிர். சங்கீதம் படிக்காதவர்கள் திணறினார்கள். பிழையான படியை மிதித்தால் சாகாமல், சரியான சுரம் ஒருமுறை ஒலிக்கும்படி மாற்றினேன். ஒரு சங்கீத ரீச்சருக்குப் பிடிக்கவில்லை: "லேசாக்கிப்போட்டீர் தம்பி." கடைசிக் கட்டத்தை மட்டும் அவருக்காகப் பழையபடியே விட்டிருக்கிறேன்.