குப்பை வண்டி வராத சாளைகளுக்கு

கொங்கு நாட்டில் ஊர் ஒரு பக்கம் என்றால் தோட்டத்து வீடுகளான சாளைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் மூன்று சக்கர வண்டியோ பேட்டரி வண்டியோ தள்ளிக்கொண்டு வருவது ஊருக்குள்தான். தோட்டத்து நடுவே ஒற்றையாக நிற்கும் சாளைக்கு இருபக்கமும் வேலியுள்ள இட்டேரிப் பாதை வழியே அந்த வண்டி வராது. வரச் சொல்வதும் நியாயமில்லை. அதனால்தான் கிளுவை வேலியோரத்திலும் பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்கால் கரையிலும் கேரிபேக் குவிகிறது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே ஒரு விதி போதும். ஈரக் குப்பை தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஈரம் பிரிந்துவிட்டால் மிச்சம் நாறாது, ஈ மொய்க்காது, நாய் இழுக்காது. ஒரு மாதம் சாக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வண்டி எப்போது வருகிறது என்ற கேள்வியே அப்புறம் பெரிதாகத் தெரியாது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறபோதோ ரேஷன் கடைக்குப் போகிறபோதோ சாக்கையும் வண்டியில் வைத்துக்கொண்டு போய் ஊருக்குள் கொடுத்துவிடலாம்.

முதல் பங்கு மாட்டுக்கு

காய்த்தோல், பழத்தோல், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் கழனித் தொட்டிக்குப் போவது பழைய வழக்கம்தான். இப்போது அதில் இரண்டு ஆபத்து சேர்ந்திருக்கிறது. ஒன்று, தொட்டிக்குள் தெரியாமல் விழும் ஸ்டேப்ளர் பின், கம்பித் துண்டு, பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை. மாடு மெல்லாமல் விழுங்கும். கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, அங்கிருந்து இதயம் வரை குத்திவிடும். இரண்டாவது, விசேஷ வீட்டு மிச்சம். மீந்த சோறு, பாயசம், இட்லி மாவு ஆகியவற்றை ஒரே நேரத்தில் அண்டாவோடு வைத்தால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். மீந்த சோற்றைக் கொஞ்சமாகச் சோளத்தட்டோடு கலந்து வையுங்கள், மிச்சம் குழிக்குப் போகட்டும்.

குழி

பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லைப்புறத்தில், நிழலான இடம், கிணறு அல்லது போர்வெல்லிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி. 3 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் இரண்டு குழி வேண்டும். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றது திறந்திருக்கும். ஒரே குழியில் பழையதும் புதியதும் மாறி மாறி விழுந்தால் எதையும் அள்ள முடியாது. அடியில் பாறை வந்துவிட்டாலோ, தண்ணீர் தேங்கும் கரிசல் மண்ணாக இருந்தாலோ குழி தோண்ட வேண்டாம். 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறை இரண்டு மூன்றை மண்மேல் அடுக்கி, பக்கவாட்டில் ஆறேழு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் அரை அடிக்குத் தென்னை மட்டைத் துண்டு. காற்று உள்ளே போக அதுதான் வழி. மேலே அன்றன்றைய அடுப்படிக் குப்பை இரண்டு அங்குலம், அதன்மேல் அதைப் போல இரண்டு பங்கு சருகு, பிறகு ஒரு கை மண். சருகுக்குச் சோளத்தட்டை வீணாக்க வேண்டாம், அது மாட்டுக்கு. வேப்பஞ்சருகு, கரும்புச் சோகை, மஞ்சள் அறுவடையில் காய்ந்த தாள், நறுக்கிய தென்னோலை போதும். வாரம் ஒருமுறை ஒரு கிலோ பச்சைச் சாணியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் இரண்டு லிட்டரைத் தெளியுங்கள். மிச்சக் கரைசல் செடிக்கு.

கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் உதிர்வதுதான் நடக்கும். மழை மறைவுப் பகுதி, பங்குனி சித்திரையில் குழி காய்ந்து எறும்புப் புற்றாகிவிடும். ஐப்பசியில் மட்டும் நேர்மாறு, அப்போது தகரமோ ஓலையோ போட்டு மூட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம், கிளறிவிடுங்கள். மூக்கைக் குத்தும் காரநெடி வந்தால் பச்சைக் குப்பை அதிகம், சருகு குறைவு. நாற்றமே இல்லை, ஆனால் மக்கவும் இல்லை என்றால் ஈரமோ சாணியோ போதவில்லை. நிரம்பிய குழியை மாதம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கிளறுவதைத் தள்ளிப்போடவே கூடாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இந்த மாதிரி எருக்குழியில்தான். கட்டைவிரல் தடிமனில், வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு கண்ணில் பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அதிகமாக இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை வாங்கிக் குழியில் கலக்கலாம். விட்டால் அந்தப் புழு வண்டாகி உங்கள் மரத்துக் குருத்தைத்தான் துளைக்கும்.

தேங்காய்த் தொட்டி (சிரட்டை) குழியில் மக்காது, சேர்த்து வைத்தால் காங்கேயம் பக்கம் கரிக்கு வாங்குகிறார்கள். பேப்பர் கப்பும் மக்காது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. கோழிக்கழிவு, மீன் செதில், எலும்பு எதையும் இந்தக் குழியில் போடக் கூடாது. வேறிடத்தில் இரண்டடி ஆழம் தோண்டி, மண் மூடி, மேலே கல் வையுங்கள். இட்டேரியில் கொட்டிய கோழிக்கழிவைத் தின்று பழகிய நாய்க்கூட்டம் அடுத்து எங்கே போகும் என்பது வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலைப் பக்கம் பட்டி ஆடுகளைப் பறிகொடுத்தவர்களுக்குத் தெரியும்.

சாக்கு

காலி உரச்சாக்கு மூன்றைத் தாழ்வாரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். உள்ளுறை இருந்தால் உருவிவிடுங்கள், காற்றுப் போகட்டும்.

முதல் சாக்கில் காகிதம், அட்டை. நனைந்தால் விலை போகாது. இரண்டாவதில் பாட்டில், டப்பா, வாளித் துண்டு, தகரம், அலுமினியம். பழைய இரும்புக்கடையில் இதற்கு எப்போதும் கிராக்கி உண்டு, பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் தருகிற வண்டிக்காரரும் எடுப்பார். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக் கட்டித் தனியாக வையுங்கள், அதை வாங்க ஆள் இருக்கிறது.

மூன்றாவது சாக்கு மெல்லிய பிளாஸ்டிக்குக்கு. பெரும்பாலும் கெட்டுப்போவது இதுதான். பால் பாக்கெட்டின் மூலையை முழுக்க வெட்டி எடுக்காதீர்கள். துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறினால் போதும். அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள், அது மண்ணுக்கோ மாட்டு வயிற்றுக்கோதான் போகும். பாலை ஊற்றியதும் பாக்கெட்டுக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அதையும் பாலிலேயே ஊற்றிக்கொள்ளலாம். பிறகு பக்கத்தை வெட்டி விரித்து, கொடியில் காய வைத்துச் சாக்கில் போடுங்கள். அலசாமல் போட்ட நாலு பாக்கெட் மொத்தச் சாக்கையும் நாற வைத்துவிடும்.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை எல்லாம் பல அடுக்குப் பொருள். உள்ளே மினுமினுப்பாக இருந்தால் இரும்புக்கடைக்காரர் தொட மாட்டார். அதைக் காய்ந்த நிலையில் தனிப் பையில் கட்டி ஊராட்சிக்குக் கொடுப்பதுதான் வழி. அங்கிருந்து சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகவோ, அரைத்துத் தார்ச்சாலைக்கோ அனுப்ப முடியும். தார்ச்சாலை முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். சாலைக் கலவைக்குப் பிவிசி ஆகாது, எனவே பைப்புத் துண்டை இதோடு சேர்க்காதீர்கள்.

கண்ணாடி எந்தச் சாக்கிலும் போகக் கூடாது. பிரிக்கிற அக்காவின் கையைக் கிழிப்பது உங்கள் வீட்டு உடைந்த டம்ளர்தான். பழைய பெயிண்ட் வாளியில் போட்டு, மூடி, கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள். டாஸ்மாக் பாட்டிலை உடைக்காமல் அதே கடையில் திருப்பினால், திரும்பப் பெறும் திட்டம் நடக்கிற மாவட்டங்களில் 10 ரூபாய் கிடைக்கும்.

கடையில் வாங்கும் பையிலேயே பாதிக் குப்பை வருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் 14 வகைக்குத் தடை. துணி மாதிரி தெரியும் நெய்யாத பையும், பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டு, டீ கப்பும் அதில் அடக்கம். விசேஷத்துக்கு வாழை இலை போட்டுவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் பேப்பர் கப் வைப்பதில் என்ன லாபமோ!

எரிக்காதீர்கள்

வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க ஒரு கவர், சாயங்காலம் பெருக்கிக் கூட்டி வாசலோரம் ஒரு தீ. இது எல்லா ஊரிலும் நடக்கிறது. பிவிசி பைப்பும் ஒயரும் குறைந்த சூட்டில் எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நச்சும் வரும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுவதோ பாத்திரம் விளக்குவதோ கூடாது. விறகுச் சாம்பல் வேறு, அது குழிக்கு ஏற்றது. ஆனால் தணல் முழுக்க ஆறிய பிறகுதான் போட வேண்டும். சூடான சாம்பலைக் குப்பை வண்டியில் கொட்டினால் வண்டியே பற்றிக்கொள்ளும்.

தனியாக வைக்க வேண்டியவை

பூச்சிமருந்து டப்பா காலியானதும் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்து டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை. வாய்க்காலில் அலசக் கூடாது. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்க மாட்டார்கள். வீட்டுச் சாக்கோடு கலக்காமல் மோட்டார் ரூமில் பூட்டி வைத்து, மருந்துக்கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். களை வராமல் மண்மேல் விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டை உழவுக்கு முன்னால் உருவிவிட வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகு துண்டு துண்டாக மண்ணில்தான் கிடக்கும்.

நாப்கின், டயாப்பரைக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவில் குறி போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். கக்கூஸில் போட்டால் குழாய் அடைக்கும், செப்டிக் டேங்கும் சீக்கிரம் நிறையும். ஊசியை மூடி போட்ட கெட்டி டப்பாவில் போடுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் அதன் அட்டை உறையிலேயே திருப்பி வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கழித்துக்கொள்வார்கள்.

சாளைகளுக்கு மாதம் ஒரு நாளாவது இட்டேரி முக்குக்கு வண்டி வர வேண்டும் என்றால் அதைக் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நாலைந்து சாளைக்காரர்கள் சேர்ந்து, எந்தத் தேதி, எந்த முக்கு, எத்தனை வீடு என்று எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் ஏறியதா என்று ஊராட்சிச் செயலரிடம் அன்றே பார்த்துவிட்டு வாருங்கள்.