ஊர் கதைக்கும்போது விளையாட்டு வீரர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரம் பெனல்டியைத் தவறவிட்டவர் இரவு பாண் வாங்கக் கடைக்குப் போனால், அங்கே நாலு பேர் அதைப் பற்றிக் கேட்பார்கள். முகப்புத்தகத்தில் திட்டி எழுதினவர் கூடப் படித்தவராக இருப்பார். மைதான ஓரத்தில் நின்று கத்தினவர் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். அதனால் "கண்டுகொள்ளாதே" என்ற புத்திமதி மட்டும் நம் பிள்ளைகளுக்குப் போதாது.

அடிக்கடி நடக்கும் பிழை, ஆட்டம் முடிந்த அன்றிரவே பதில் எழுதுவது. உடம்பு களைத்து, மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது எழுதும் விளக்கம் சண்டையாகத்தான் முடியும். அன்றிரவு போனை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இரண்டு நாள் கழித்து, பயிற்றுநரோடு கதைத்துவிட்டுச் சொல்லலாம். அநேகமாக அதற்குள் தேவையே இருக்காது.

இதைவிடப் பெரிய பிழை, கூட்டத்துக்காக ஆட்டத்தை மாற்றுவது. "பந்தை வைச்சுக்கொண்டு நிக்கிறான், அடிக்கிறானில்லை" என்று ஓரத்தில் சத்தம் வந்ததும், நிதானமாகப் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் வீரர் கண்ட தூரத்திலிருந்தெல்லாம் கோலுக்கு அடிக்கத் தொடங்கிவிடுவார். அவரை எதற்காக அணியில் எடுத்தார்களோ, அதுவே இல்லாமல் போய்விடும்.

முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டைத் தெரியாதவர் இங்கே இல்லை. அதற்கு முன்னால் நடந்ததையும் இளம் வீரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ணில், முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை நோபோல் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் இன்னொரு நடுவரும் அதையே செய்தார். அன்று முரளி தன் வழக்கமான பந்தை விட்டு லெக் பிரேக் என்ற வேறு வகைப் பந்தும் போட்டுப் பார்த்தார். அதற்கும் நோபோல்! குறை சொல்கிறவருக்காகத் தன் பந்தை மாற்றியும் பலன் கிடைக்கவில்லை.

ஆனால் அவர் காதைப் பொத்திக்கொண்டும் இருக்கவில்லை. ஹொங்கொங்கிலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குக் கையை உட்படுத்தினார். பிறவியிலிருந்தே முழங்கையை முழுதாக நிமிர்த்த முடியாதவர் என்பது அங்கே பதிவானது. 2004இல் அவருடைய தூஸ்ரா என்ற, மற்றப் பக்கம் திரும்பும் பந்தில் முழங்கை நிமிர்வது அனுமதித்த அளவை மீறுகிறது என்று முடிவு வந்தபோது, அந்தப் பந்தை நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு எல்லாப் பந்துவீச்சாளர்களும் முழங்கையை 15 பாகை வரை நிமிர்த்தலாம் என்று விதி மாறியது. அளந்து சொன்னவர்களுக்கு அவர் செவிகொடுத்தார், கலரியிலிருந்து "நோபோல்" என்று கத்தினவர்களுக்காக மணிக்கட்டை மாற்றவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதைப் பிடிக்காதவர்கள் மற்றப் பக்கமும் வழுக்குகிறார்கள். எந்தக் குறையைக் கேட்டாலும் "பொறாமை" என்று தள்ளிவிடுவது. "இடது காலால் பந்தை நிறுத்த வராது" என்று பழைய வீரர் ஒருவர் கடுமையாகச் சொன்னால், அவருடைய தொனியை விட்டுவிட்டு அடுத்த நாள் பயிற்சியில் இடது காலைச் சோதித்துப் பாருங்கள். உண்மையென்றால் அவர் உங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறார்.

அப்புறம், காயத்தை மறைத்து ஆடுவது. "பயந்திட்டான்" என்ற பேச்சுக்கு அஞ்சி வீங்கிய முழங்காலோடு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஒரே ஒரு பாய்ச்சலோடு அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்குத் தப்பிப்போயிருந்தது. தொடர்ந்திருந்தால் பெரிய விபத்தாகியிருக்கலாம். கைவிட்டுவிட்டார் என்று உலகம் முழுக்கத் திட்டினார்கள். 2024 பாரிஸில் அவர் வென்றது மூன்று தங்கம்.

பெண் பிள்ளைகளுக்கு வரும் பேச்சு வேறு வகை. வலைப்பந்திலோ ஓட்டத்திலோ அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதை விட்டுவிட்டு, காற்சட்டை, நிறம், கலியாணம் என்று போகிறது. இதில் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. பிள்ளையிடம் பொறுமையைக் கேட்பது அநியாயம். அந்தப் பேச்சு வீட்டுக்கு வரும்போது, "அவள் ஓடுவாள்" என்று அப்பாவோ அண்ணனோ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பயிற்சியை நிறுத்திவிட்டு "கொஞ்ச நாள் போகட்டும்" என்கிற குடும்பங்கள், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், பேசினவர்களின் பக்கம் போய் நிற்கின்றன.

மிரட்டலையும், படத்தை வெட்டி ஒட்டி அசிங்கப்படுத்துவதையும் விமர்சனத்தோடு சேர்த்துப் பார்ப்பதும் பிழை. அவற்றை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுதிய கணக்கின் பெயரோடும் திகதியோடும் சேமித்து வையுங்கள். வீட்டிலும் பயிற்றுநரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.