'சின்ன வேரா'வைப் பார்ப்பது எப்படி? சமையலறையிலிருந்து தொடங்குங்கள்

1980களின் கடைசியில் சோவியத் யூனியனில் வந்த ஒரு வகைப் படங்களுக்கு அங்கே 'செர்னூகா' என்று பெயர். கறுப்பு என்பதற்கான ருஷ்யச் சொல்லிலிருந்து வந்தது, பாராட்டிச் சொன்னதல்ல. குடி, சண்டை, நெரிசலான வீடு. புதிதாகப் பார்ப்பவர்கள் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்தியவன்தான். இரண்டாம் முறை எப்படிப் பார்த்து முடித்தேன் என்பதைச் சொல்கிறேன். படம்: 1988இல் வந்த 'மாலென்கயா வேரா', அதாவது சின்ன வேரா. 'வேரா' என்றால் நம்பிக்கை என்றும் பொருள்.

படி 1: அதற்கு முன் வேறொரு படம்

'மாஸ்கோ கண்ணீரை நம்பாது' (1980) பாருங்கள். தனியாக மகளை வளர்க்கும் தொழிலாளிப் பெண் ஆலைக்கே இயக்குநராகிறாள். ஆஸ்கர் வாங்கிய படம், நல்ல படமும்கூட. இந்த வெளிச்சம் கண்ணில் இருந்தால்தான் அடுத்த படத்தின் இருட்டு தெரியும்.

படி 2: ஆண்டைக் கவனியுங்கள்

1985 மே மாதம் சோவியத் தலைவர் கொர்பச்சோவின் அரசு மதுவுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. 1986 மே மாதம் திரைப்படக் கலைஞர் சங்கத்துக்கு இயக்குநர் எலெம் கிளிமோவ் தலைவரானார். தணிக்கையால் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த படங்கள் வெளியே வந்தன. அந்தக் காற்றில்தான் முப்பது வயதுகூட ஆகாத வசீலி பிச்சூல், மனைவி மரியா ஹ்மேலிக் எழுதிய கதையைத் தன் சொந்த ஊரிலேயே எடுத்தார். அசோவ் கடலோரத்து எஃகு ஆலை நகரமான அது அப்போது ஜ்தானவ். 1989இல் மரியுபோல் என்ற பழைய பெயர் திரும்பியது.

படி 3: சமையலறையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்

கதையைத் துரத்த வேண்டாம். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். வேரா அந்த வீட்டின் மகள். அவள் அப்பா லாரி ஓட்டுநர்; வீட்டுக்கு வந்ததும் குடிக்க உட்காருவார். அம்மாவும் வேலைக்குப் போகிறவர்தான், ஆனால் வீட்டில் கை ஓயாது. எத்தனை பெரிய சண்டை நடந்தாலும் நடுவில் சாப்பாட்டுப் பேச்சு வந்துவிடும். பாசத்தைக் காட்ட அந்த வீட்டில் வேறு வழியே இல்லை.

ஒரு பின்னணி: குருஷேவ் காலத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் சமையலறை சுமார் 6 சதுர மீட்டர்தான். தனி வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் செர்கேய், வேராவைக் காதலித்து அவள் பெற்றோர் வீட்டுக்கே குடிவருவது இதனால்தான். அப்புறம் என்ன, ஒரே சமையலறைக்குள் மாமனாரும் மருமகனும்.

படி 4: 'வீட்டுக்காகப் பிறந்தவள்'

இந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்தி ஒரு டீ போட்டுக்கொள்ளுங்கள். பெரிய வீடு கிடைக்கும் என்பதற்காகத்தான் வேராவைப் பெற்றார்களாம். தலைக்கு இவ்வளவு இடம் என்று அரசு அளந்து கொடுத்த நாட்டில் இது விபரீதமான கணக்கும் அல்ல. அதுதான் பயமாக இருக்கிறது. எனக்குப் படத்தின் நடு ஆணி இதுதான். படுக்கையறைக் காட்சிக்காகத்தான் ஊரெல்லாம் பேசியது, 5 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

படி 5: கத்திக்குப் பிறகு

அப்பா செர்கேயைக் குத்திவிடுகிறார். (கதை தெரிந்தால் கெட்டுப்போகும் படம் இல்லை, கவலை வேண்டாம்.) குத்தியதை விட, அப்பாவைக் காப்பாற்ற வேராவைப் பொய் சொல்லும்படி குடும்பம் கேட்பதைக் கவனியுங்கள். அரக்கர்கள் யாரும் இல்லை. எல்லாரும் களைத்துப்போனவர்கள்.

படி 6: அடுத்து முராதோவா

மனசு ஆறியதும் சோவியத் இயக்குநர் கீரா முராதோவாவின் 'நீண்ட விடைபெறல்கள்' பாருங்கள். 1971இல் எடுத்து, 1987 வரை முடக்கி வைத்த படம். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. மகன் தன்னை விட்டு அப்பாவிடம் போய்விடுவானோ என்று பயப்படும் ஓர் அம்மா, அவ்வளவுதான். கடைசியில் ஓர் அரங்கில் இருக்கைக்காக அந்த அம்மா பிடிவாதம் பிடிப்பார். அப்போது மகன் முகத்தைப் பாருங்கள்.