எட்டுக்கு நாலு பலகையில் ஆரியங்காவு மலைப்பாதை: வீட்டில் மாதிரி ரயில் அமைப்பது எப்படி

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றில் மலை ரயில் பாதை போட முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆனால் தண்டவாளத்தை மேலே ஏற்றி மலை காட்டப் பார்க்காதீர்கள். தண்டவாளத்தைக் கிட்டத்தட்ட மட்டமாக விட்டு, சுற்றியுள்ள நிலத்தைக் கீழே இறக்குங்கள். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்ப் பாதை, செங்கோட்டையிலிருந்து கேரளத்துப் புனலூர் போவது. 1904-இல் மீட்டர் கேஜாக வந்தது. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது; 1956-இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டி நின்றுபோய், 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பியது. பகவதிபுரம் தாண்டியதும் மலைக்குள் புகுந்து ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று போகும். சரிவு 37-க்கு 1 வரை உண்டு. அதாவது 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். பின்னாலிருந்து பேங்கர் என்ஜின் தள்ளித்தான் வண்டி ஏறும்.

முழுப் பாதையையும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. 1:87 அளவில் ஒரு கிலோமீட்டர் என்பதே பதினொன்றரை மீட்டர். அதனால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது கழுதுருட்டியில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் பதின்மூன்று கண் பாலமும், ஒரு குகை வாயும். பாலமும் குகையும் இருந்தால் இந்தப் பக்கத்து ஆட்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள், இது நம்ம பாதை என்று.

அளவு

எச்ஓ எடுங்கள். 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப் பாதையின் 1676 மி.மீ.யைச் சரியாகக் குறுக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். அந்தக் குறை கண்ணுக்குத் தெரியும்தான். ஆனாலும் என்ஜின், பெட்டி, பாயிண்ட் (பாதை பிரியும் இடத்துத் தண்டவாளம்), உதிரிப் பாகம் எல்லாம் எளிதாகக் கிடைப்பது 16.5-இல்தான். இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனத்து ஓஓ (1:76 அளவு) வண்டிகளும் இதே தண்டவாளத்தில் ஓடும். பழைய மீட்டர் கேஜ் மேல் ஆசை இருப்பவர்களுக்கு 12 மி.மீ. எச்ஓஎம் இருக்கிறது. அதில் வருவது பெரும்பாலும் சுவிஸ் வண்டிகள். நம் மீட்டர் கேஜ் டீசல் என்ஜினான ஒய்டிஎம்-4 வேண்டுமென்றால் மேல்கூடு முழுக்க நீங்களே செய்ய வேண்டும். அது இரண்டாவது அமைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் என் கட்சி பீக்கோ நிறுவனத்தின் கோட் 100 (தண்டவாள உயரம் 0.1 அங்குலம்) வளையும் தண்டவாளம். ஒரு துண்டு 914 மி.மீ. வளைவு ஆரம் 22 அங்குலம் வையுங்கள். 18 அங்குலத்திலும் வண்டி ஓடும், ஆனால் நம் நீளப் பெட்டிகளுக்கு அழகாக இருக்காது. 22 அங்குல வளைவு நாலடி அகலத்தில் ஓரத்துக்கு இரண்டு அங்குலம் விட்டு அமர்ந்துகொள்ளும். சுற்றுப் பாதை மொத்தம் ஆறு மீட்டர் வரும்.

பலகை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஜூன் தொடங்கிவிட்டால் சாரல். வீட்டுக்குள் துணி காயாத ஈரத்தில் சாதாரண கமர்சியல் பிளைவுட் ஊதும், வளையும். எனக்குச் சட்டம் அடித்துக் கொடுத்த புளியரை ஆசாரி, கடையில் நான் கை வைத்த பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சாரலுக்கு ஊதிரும். மரைன் வாங்குங்க" என்றார். 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அடியில் 2×1 அங்குலச் சட்டம், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். புனலூர்ப் பக்கம் ரப்பர் மரச் சட்டம் மலிவாகக் கிடைக்கும். மருந்து ஏற்றியதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். மருந்தில்லாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் பூச்சியும் வந்துவிடும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

அதன் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான நுரைப் பலகை) இரண்டு அடுக்கு. மொட்டைமாடிச் சூட்டுக்குப் போடும் இன்சுலேஷன் போர்டு என்று கேட்டால் தருவார்கள். பெரும்பாலும் 1250 × 600 மி.மீ. அளவில் வரும், அடுக்குக்கு நாலு போதும். வெள்ளைத் தெர்மாகோலைத் தொடவே வேண்டாம். அறுத்தால் மணி மணியாக உதிர்ந்து என்ஜின் பல்சக்கரத்துக்குள் போகும். இரண்டு அடுக்கையும் ஃபெவிகால் கொண்டு ஒட்டி, மேலே பாரம் ஏற்றி, நன்றாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். நடுவில் காற்றுப் போகாததால் மெதுவாகத்தான் காயும்.

இப்போது தண்டவாளம் போகும் தளம் பிளைவுட்டிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் உங்கள் பள்ளத்தாக்கு.

சரிவு: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பாதை மேலே, ஒரு பாதை கீழே, குறுக்கே பாலம் என்று போட ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழே போகும் வண்டிக்கு இடம் விட்டு, மேல் பாதையின் கனத்தையும் சேர்த்தால் 8 செ.மீ. ஏற வேண்டும். 40-க்கு 1 என்ற கடுமையான சரிவில் வைத்தாலும் ஏற 3.2 மீட்டர், இறங்க 3.2 மீட்டர். மொத்தம் 6.4. நம்மிடம் இருப்பதே ஆறு மீட்டர்தான், அதிலும் நிலையத்துக்கும் பாலத்துக்கும் மட்டமான இடம் வேண்டும். ஒரு பாதையை 4 செ.மீ. ஏற்றி இன்னொன்றை 4 செ.மீ. இறக்கினாலும் மொத்தக் கணக்கு மாறாது.

சரி, உண்மைப் பாதையே 37-க்கு 1 தானே, அப்படியே வைத்தால் என்ன? சின்ன என்ஜின் எடை குறைவு, சக்கரம் வழுக்கும். அந்தச் சரிவில் ஒரு மாதிரி என்ஜின், சமதரையில் இழுப்பதில் தோராயமாகப் பாதிப் பெட்டிகளைத்தான் இழுக்கும். வளைவும் சேர்ந்தால் இன்னும் குறையும். மலை ரயில் என்று சொல்லி இரண்டு பெட்டியோடு திணறுவதைப் பார்க்க யாருக்கும் மனது வராது.

அதனால் பாலம் இருக்கும் பக்கத்தை முழுக்க மட்டமாக வைத்து, அதன் கீழே எக்ஸ்பிஎஸ்ஸைப் பிளைவுட் தெரியும்வரை அறுத்து எடுங்கள். பாலத்துக்கு 10 செ.மீ. ஆழம் கிடைத்துவிட்டது, தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. எதிர்ப்பக்கக் குகையை நோக்கி மட்டும் 3 செ.மீ. ஏற்றுங்கள், 60-க்கு 1-ஐத் தாண்டாமல். பார்க்கிற கண் பள்ளத்தையும் சுற்றி நிற்கும் மலையையும் பார்த்துத்தான் ஏற்றம் என்று நம்புகிறது. தண்டவாளத்தின் சாய்வை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

சரிவைச் சோதிக்க ஓர் எளிய வழி. 60 செ.மீ. நீளமுள்ள நேரான மரப்பட்டையின் ஒரு முனைக்கு அடியில் சரியாக 1 செ.மீ. கனமுள்ள துண்டை ஒட்டி, மேலே ரசமட்டத்தைக் கட்டுங்கள். துண்டு ஒட்டிய முனை இறக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். குமிழி நடுவில் நின்றால் சரிவு 60-க்கு 1. துண்டுப் பக்கம் நகர்ந்தால் சரிவு அதைவிடக் குறைவு, நல்லது. மறுபக்கம் நகர்ந்தால் அறுத்துச் சரிசெய்ய வேண்டும்.

வண்டி கழன்று போவது சரிவின் நடுவில் அல்ல, சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும். மட்டத்திலிருந்து சட்டென்று ஏற்றம் ஆரம்பித்தால், அந்த முனையில் ஒரு பெட்டியின் கொக்கி கீழேயும் அடுத்ததன் கொக்கி மேலேயும் நின்று விலகிவிடும். நீள என்ஜினின் நடுச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும். இதற்கு எக்ஸ்பிஎஸ்ஸைச் செதுக்கிக்கொண்டிருப்பதைவிட, சரிவுப் பகுதிக்கு மட்டும் மேலே 6 மி.மீ. பிளைவுட் பட்டை போடுவது மேல். மட்டமான பக்கத்தில் 30 செ.மீ. தூரம் பட்டையை இறுக்கி ஒட்டி, அதைத் தாங்கும் அடுத்த முட்டுக்கட்டையை ஓரடி தள்ளிக் கொடுத்தால், பட்டை தானாகவே மெல்ல வளைந்து ஏறும். அந்த வளைவைக் கையால் யாராலும் அவ்வளவு சீராகச் செதுக்க முடியாது. பாயிண்டுகளை எப்போதும் மட்டமான இடத்தில் வையுங்கள், சரிவு மாறும் இடத்தில் கூடவே கூடாது.

பாலம்

நேர்ப்பக்கம் 122 செ.மீ. கண்ணுக்கு 6.5, தூணுக்கு 1.5 என்று வைத்தால் கண் ஒன்றுக்கு 8 செ.மீ. பதின்மூன்றுக்கு 104. அளவு எடுத்து வைத்ததுபோல் உட்காரும். 5 மி.மீ. சன்போர்டில் (பிவிசி நுரைப் பலகை) இரண்டு பக்கச் சுவர் அறுத்து, மேலே 6 மி.மீ. பிளைவுட் பட்டை, வண்டியின் பாரம் பட்டையின் மேல்தான் இருக்க வேண்டும். உண்மைப் பாலம் கருங்கல். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு கிழித்தாலே கல்வரிசை வந்துவிடும்.

தண்டவாளமும் மின்சாரமும்

தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சாரலில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும். இணைப்புத் தகட்டை மட்டும் நம்பி மின்சாரம் விடாதீர்கள், ஈரக் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக இரண்டு வயர் சாலிடர் வைத்து, அடியில் ஓடும் 1.5 ச.மி.மீ. முதன்மை வயரில் சேருங்கள். 25 வாட் இரும்பு போதும், ஆனால் நன்றாகச் சூடேறிய பிறகு வைத்துச் சட்டென்று எடுக்க வேண்டும்; தாமதித்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகும். ஆரம்பத்துக்குச் சாதாரண 12 வோல்ட் டிசி கண்ட்ரோலர் போதும். தண்டவாளத்தைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மட்டுமே. உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்குச் சேரும்.

மலை, மரம், புல் எல்லாம் அதன் பிறகு. இந்தக் கட்டத்தில் சில நாள் வெறும் பலகையில் வண்டி ஓட்டிப் பாருங்கள். அப்புறம் காய்ந்த தேயிலைச் சக்கை மண்ணுக்கு, பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் புல்லுக்கு. செங்கோட்டைப் பக்கம் வயல், மலைக்குள் அடர்த்தி, புனலூர்ப் பக்கம் ரப்பர் வரிசை என்று நிறத்தை மாற்றினால் போதும்.

பிறகு சேர்த்தவை

படித்தவர்கள் கேட்டதற்கான பதில்கள் இவை.

குகைக்குள் பெட்டி உரசுகிறது என்றார்கள். வளைவில் குகை வைத்தால் நேர்ப்பாதை அகலம் போதாது. 24.5 செ.மீ. நீளமுள்ள மாதிரி ஐசிஎஃப் பெட்டி (சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை வகை) 18 அங்குல வளைவில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறத்தாழ 8 மி.மீ. நீட்டும். பெட்டியின் அகலமே 37 மி.மீ. எனவே வாய் 65 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மலையைக் கையால் தூக்கி எடுக்கும்படி தனியாகச் செய்யுங்கள், உள்ளே வண்டி நின்றால் எடுக்க வழி வேண்டும்.

பேங்கர் வைக்கலாமா? வைக்கலாம், இரண்டும் ஒரே மாடல் என்ஜினாக இருந்தால். வேகம் வேறுபட்டால் பின்னால் இருப்பது தள்ளித் தள்ளி, எடை குறைந்த பெட்டியை வளைவில் வெளியே தள்ளிவிடும். பெட்டிகளுக்குள் கொஞ்சம் ஈயத் துண்டு வையுங்கள்.

ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும் எக்ஸ்பிஎஸ் குழி விழுந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் இருக்கும் கரைப்பான் இதைக் கரைத்துவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் மட்டும் அடியுங்கள்.

ஜல்லிக்குக் கொல்லத்துக் கடற்கரை மணல் எடுக்கலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம். சவறா, நீண்டகரைப் பக்கக் கருமணலில் காந்தத்தில் ஒட்டும் இல்மனைட் என்ற தாது இருக்கிறது, அதோடு உப்பும். ஆற்று மணலையும் சலித்து, கழுவி, காயவைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு மணலுக்குள் நாலு தடவை அளையுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் தூளைத் தூரக் கொட்டுங்கள். அது என்ஜின் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டினால் மோட்டார் போய்விடும். மணலைப் பரப்பியதும் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் மட்டும் ஊற்றக் கூடாது.